மாம்பழ சீசனில் நான் நீக்கிய லைப்ரரி

போன மாதம் உங்கள் பிரிவுக்கு என்னை டீ குடிக்கக் கூப்பிட்டிருந்தீர்கள். ஓய்வு பெற்றவனை நினைவு வைத்துக் கூப்பிட்டது உங்கள் நல்ல மனசு. பேச்சுவாக்கில், புதிதாகச் சேர்ந்த ஒருவர் தான் ஒரு சர்வரைச் சுத்தம் செய்ததைச் சொன்னார். யாருக்கும் வேண்டாத மென்பொருள் பேக்கேஜ்களை எல்லாம் ஒரே கட்டளையில் நீக்கிவிட்டாராம். டிஸ்க்கில் பாதி இடம் காலியாகிவிட்டதாம். சொல்லும்போது அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. அந்த நிம்மதியை எனக்குத் தெரியும். நான் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் மாம்பழ வாசனை அடித்தது. பக்கத்தில் யாரிடமும் பழம் இல்லை. அது சீசனும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, அந்தப் பிரிவை பெங்களூருக்கு மாற்றியபோது நான் போகாமல் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் ஆலையில் சேர்ந்திருந்தேன். எனக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. ஆலையில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் தெரியாததையும் தெரிந்த மாதிரி நடந்துகொள்ளும் பழக்கம் மெல்ல வந்துவிட்டது.

மாம்பழ சீசனில் அந்த ஆலைக்குள் இருப்பது கொஞ்சம் தூக்கத்தில் இருப்பது மாதிரி. வாசலில் பழ லாரிகள் நிற்கும். பழுக்க வைத்த பழங்கள் கொட்டகையில் வரிசையாகப் பரப்பியிருக்கும். கூழ் காய்ச்சும் பக்கத்திலிருந்து வெதுவெதுப்பான ஆவி வந்து எல்லா அறைகளிலும் நிற்கும். அந்த இனிப்பு வாசனை முதல் வாரம் பசியைக் கிளப்பும், இரண்டாவது வாரம் திகட்டும். மூன்றாவது வாரத்திலிருந்து அது வாசனை என்பதே மறந்துபோகும். சட்டையிலும் தலைமுடியிலும் கனவிலும் அது இருக்கும். தேனீக்கள் என் அறைக்குள் வந்து, மானிட்டர் வெளிச்சத்தைச் சுற்றிவிட்டுப் போகும். பெண்கள் கொட்டை நீக்கும் மேடையில் தெலுங்கிலும் தமிழிலுமாகப் பேசிக்கொண்டிருப்பது, தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல என் அறைக்குக் கேட்கும்.

என் அறைக்கும் லேபுக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. லேபைப் பார்த்துக்கொண்டவர் ஒரு பெண். ஓசூர்க்காரர், வீட்டில் தெலுங்கு. என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். பெயர் சொல்ல வேண்டாம். அவருக்கு அது பிடிக்காது. கம்ப்யூட்டர் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. ஒவ்வொரு லாட் கூழிலும், அதாவது ஒரே தடவையில் காய்ச்சிய கூழிலும், இரண்டு டின்னை எடுத்துத் தேதி எழுதி அலமாரியில் வைப்பார். அந்த டின்களை யாரும் தொடக்கூடாது. சர்க்கரை எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் காய்ச்சினார்கள், எந்த ஊர்ப் பழம் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுப்பார். நான் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். அது லாட் நம்பர் போட்டு லேபிள் அச்சடிக்கும். அந்த லேபிள் ஒட்டாத பெட்டி வெளிநாட்டுக்குப் போகும் கன்டெய்னரில் ஏறாது. நாளைக்கு எங்கோ ஒரு துறைமுகத்தில் ஒரு டின் உப்பியிருந்தால், அது எந்தத் தோட்டத்துப் பழம், எந்த நாள் காய்ச்சியது என்று அந்த நம்பரை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த லேபிள் புரோகிராமை எழுதிக் கொடுத்தது பெங்களூரில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்திய ஒரு சின்னக் கம்பெனி. முதலில் டாஸ் என்ற பழைய முறையில் ஓடும் ஒன்றைக் கொடுத்தார்கள். அப்புறம், லினக்ஸ் என்று ஒன்று வந்திருக்கிறது, அடிக்கடி நின்றுபோகாது என்று சொல்லி, அதில் ஓடுகிற மாதிரி புதிதாக எழுதி, ஒரு சிடியிலிருந்து லினக்ஸையும் போட்டுவிட்டுப் போனார்கள். போட்டவர் அந்த சிடியில் இருந்த அத்தனையையும் போட்டுவிட்டார். டிஸ்க்கோ இன்றைய கணக்கில் ஒரு விளையாட்டுச் சாமான். சீசன் பாதியில் அது நிரம்பிவிட்டது. இடமில்லை என்று திரையில் வந்ததும் லேபிள் பாதியில் நின்றது.

அன்றைக்கு நான் பெரிதாகப் பயப்படவில்லை. தற்காலிகக் கோப்புகள் சிலவற்றை அழித்து லேபிளை ஓட வைத்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, என்னென்ன பேக்கேஜ் இருக்கிறது என்று பட்டியல் எடுத்துப் பார்த்தேன். சீட்டாட்டம் இருந்தது. சதுரங்கம் இருந்தது. புத்தகம் அச்சுக் கோக்கும் பெரிய மென்பொருள் ஒன்று இருந்தது. எந்த நாட்டுடையது என்றே தெரியாத எழுத்துருக்கள் இருந்தன. எங்கள் ஆலையில் இல்லாத ஸ்கேனருக்கு ஒன்று, இல்லாத சவுண்டு கார்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றாக நீக்க ஆரம்பித்தேன்.

அந்த மத்தியானத்தை இன்றைக்கும் அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன். வெளியில் வெயில் வெள்ளையாகக் காய்ந்தது. ஃபேன் மெதுவாகச் சுற்றியது. பேக்கேஜ் பெயரைத் தட்டி எண்டர் அடித்தால் டிஸ்க் லேசாக முனகும், அப்புறம் அமைதி. திரை அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும். ஏதாவது ஒரு பேக்கேஜ் இன்னொன்றுக்குத் தேவையாக இருந்தால் அதுவே மறுத்துவிடும். தேவையில்லை என்றால் பேசாமல் போய்விடும். பாரம் குறைவது மாதிரி இருந்தது எனக்கு. கண் சொக்கியது. கை மட்டும் தட்டிக்கொண்டே போனது.

கடைசியாக இரண்டு பேக்கேஜ்களைப் பார்த்தேன். ஒன்று பழைய லைப்ரரி. புதியவர்களுக்குச் சொல்கிறேன்: லைப்ரரி என்பது பல புரோகிராம்கள் பொதுவாக எடுத்துப் பயன்படுத்தும் சாமான் பெட்டி. அதன் புதிய பதிப்பு மெஷினில் ஏற்கெனவே இருந்தது. பழையதும் கூடவே இருந்தது. இன்னொன்று, பழைய புரோகிராம்களை ஏற்றி, அவற்றுக்கு அந்தப் பெட்டியை எடுத்துக் கொடுக்கும் சின்னப் பேக்கேஜ். இது யாருக்குத் தேவை என்று மெஷினிடம் கேட்டேன். யாருக்கும் இல்லை என்றது. நீக்கு என்றேன். இரண்டையும் மறுப்பே இல்லாமல் நீக்கியது.

நான் யோசிக்காதது இதைத்தான். மெஷினுக்குத் தெரிந்தது, முறைப்படி அதன் பட்டியலில் பதிந்துகொண்டு உள்ளே வந்த பேக்கேஜ்களை மட்டும். பெங்களூர்க்காரர்கள் தங்கள் லேபிள் புரோகிராமை அப்படிப் பதியவில்லை. ஃப்ளாப்பியிலிருந்து நேராக ஒரு டைரக்டரியில் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். தங்களிடமிருந்த பழைய மெஷினில் எழுதியதால் அது பழைய லைப்ரரியை நம்பியிருந்தது. அதை யாரும் மெஷினிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீக்கிய பிறகும் லேபிள் புரோகிராம் நிற்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம், தான் ஏற்கெனவே திறந்து பிடித்திருப்பதை விடாது. டிஸ்க்கில் பெயர் அழிந்தாலும், பிடித்திருக்கிறவர் விடும்வரை உள்ளே இருப்பது இருக்கும். அதனால் அன்று சாயங்காலம் முழுவதும், பெயரே இல்லாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு லேபிள் அச்சாகிக்கொண்டே இருந்தது. நான் லேபுக்குப் போய், பாதி டிஸ்க்கைக் காலி பண்ணிவிட்டேன் என்று அந்த அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் புளிப்பு பார்த்துக்கொண்டே, நல்லதுங்க சார் என்றார். ஆறு மணிக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை ஒன்பதரைக்குக் கரண்ட் போனது. எங்கள் ஊரில் அது தினம் நடப்பதுதான். ஆனால் அன்று யுபிஎஸ் பேட்டரியும் தாங்கவில்லை. மெஷின் அணைந்தது. ஜெனரேட்டர் வந்ததும் மறுபடி போட்டேன். எல்லாம் ஒழுங்காக எழுந்து வந்தது. லேபிள் புரோகிராமின் பெயரைத் தட்டினேன். அப்படி ஒரு கோப்பே இல்லை என்றது.

பட்டியல் எடுத்துப் பார்த்தேன். கோப்பு இருந்தது. பெயர், அளவு, தேதி எல்லாம் சரியாக இருந்தது. மறுபடி ஓட்டினேன். இல்லை என்றது. மறுபடி பட்டியல். இருக்கிறது. கனவில் நம் வீட்டுக் கதவைத் தள்ளினால் பின்னால் சுவர் இருக்குமே, அப்படி இருந்தது. ஏற்றும் பேக்கேஜ் போய்விட்டதால் வரும் செய்தி அது என்று இன்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அன்று எனக்குத் தெரியாது. கண் முன்னால் இருப்பதை மெஷின் இல்லை என்கிறது.

மேனேஜர் வந்தார். சேலத்துக்காரர், சத்தமாகப் பேசாதவர். அன்று சாயங்காலம் சென்னைத் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் போக வேண்டும். லேபிள் ஒட்டாத பெட்டிகள் வெளியே போகாவிட்டால் கிடங்கில் இடமில்லை. இடமில்லை என்றால் கூழ் காய்ச்சுவதை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் கொட்டகையில் பழுத்திருக்கும் பழம் நாளைக்குள் அழுகும். வாசலில் நிற்கும் லாரிகளைத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த லாரிகளில் சில, போச்சம்பள்ளிப் பக்கத்து விவசாயிகள் தங்கள் தோப்பின் மொத்தப் பறிப்பையும் ஏற்றிக்கொண்டு வந்தவை. இதையெல்லாம் அவர் சொல்லவில்லை. என்ன ஆச்சு என்று மட்டும் கேட்டார்.

“கரண்ட் போச்சுங்க சார். அதுல எல்லாம் கெட்டுப்போச்சு” என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. வாயில் தானாக வந்தது. கரண்ட் போனது உண்மை, புரோகிராம் ஓடாதது உண்மை. இரண்டையும் ஒட்டி வைத்தது மட்டும் நான்.

அவர் பெங்களூருக்குப் போன் போட்டார். அங்கிருந்த இன்ஜினியரிடமும் நான் அதையே சொன்னேன். கரண்ட் போனதில் கோப்பு காணவில்லை என்கிறது என்றால், டிஸ்க்கில் இருப்பதெல்லாம் குலைந்திருக்கும், இனிமேல் அதை நம்ப முடியாது என்றார் அவர். நாளைக் காலை முதல் பஸ்ஸில் வருவதாகச் சொல்லி, இன்றைக்கே லேபிள் வேண்டுமானால் டிஸ்க்கை முழுக்க அழித்து, பழைய டாஸ் புரோகிராமை ஃப்ளாப்பியிலிருந்து ஏற்றிக்கொள்ளவும் வழி சொன்னார். ஃப்ளாப்பிகள் என் மேஜை இழுப்பறையிலேயே இருந்தன. ஒரு மணி நேர வேலை.

அழித்தால் அந்த சீசனின் லாட் விவரங்கள் போய்விடும். நான் கடைசியாகப் பிரதி எடுத்து வைத்துப் பத்து நாள் ஆகியிருந்தது. அந்தப் பத்து நாளில் கடலேறிய பெட்டிகளில் எது எந்தப் பழம் என்று சொல்ல எங்களிடம் எதுவும் இருக்காது. லேபில் கொடுக்கும் தாள்களை ஏற்றி முடித்ததும் நான் கிழித்துப் போட்டுவிடுவேன். மேனேஜர் கொஞ்சம் யோசித்தார். எப்படியும் எல்லாம் கெட்டுப்போனதுதானே, அழித்துவிட்டு இன்றைய வேலையையாவது பார்க்கலாம் என்றார்.

எப்படியும் எல்லாம் கெட்டுப்போனதுதானே. என் பொய் அவர் வாயில் முடிவாக மாறியிருந்தது. என் உள்மனதுக்கு அப்போதே தெரியும், விவரங்கள் கெடவில்லை என்று. கோப்புகள் ஒவ்வொன்றும் அளவு மாறாமல் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்தன. ஆனால் தலையை ஆட்டினேன். இழுப்பறையைத் திறந்து ஃப்ளாப்பியை எடுத்துப் போட்டேன். அழிக்கட்டுமா என்று திரை கேட்டது. விரலைக் கீபோர்டின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தேனீ ஒன்று அந்தக் கேள்வியின் மேல் ஊர்ந்து போனது. அதற்கு வழி விடுகிறவன் மாதிரி காத்திருந்தேன்.

அப்போது லேப் அம்மா உள்ளே வந்தார். கையில் இரண்டு டின். காலையில் காய்ச்சிய லாட்டுக்கு நம்பர் வரவில்லை, அலமாரியில் எந்த நம்பர் எழுதி வைப்பது என்று கேட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். அதாவது மேனேஜரிடம் சொன்னதைச் சொன்னேன். அவர் டின்களை மேஜையில் வைத்துவிட்டு நின்றார்.

“நேத்து சாயங்காலம் வரைக்கும் ஓடுச்சுங்களே சார். அதுக்கு முன்னாடி ஏதாவது மாத்தினீங்களா?”

“ஒண்ணும் மாத்தலைம்மா. வேண்டாததை எடுத்தேன், அவ்வளவுதான்.”

“எடுத்ததும் மாத்தினதுதானே சார்.”

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. லேபில் ஒரு டின் உப்பினால், அன்றைக்கு என்ன சேர்த்தோம் என்பதைப் போலவே என்ன சேர்க்கவில்லை என்பதையும் பார்ப்பார்களாம். அந்தப் பழக்கத்தில் கேட்டார். அத்தனை வருஷ வேலையில், நீக்குவது ஒரு மாற்றம் என்று நான் நினைத்ததே இல்லை. புதிதாக ஒன்றைப் போட்டால் மாற்றம். இருந்ததை எடுத்தால் சுத்தம். அப்படித்தான் வைத்திருந்தேன்.

அவர் அடுத்ததைக் கேட்டார். “என்னென்ன எடுத்தீங்கன்னு எழுதி வெச்சிருக்கீங்களா?”

இல்லை என்றேன். அதற்கு மேல் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. காரணம் கரண்ட் இல்லை போலிருக்கிறது, நான் எடுத்ததில் ஏதோ ஒன்று என்று சொன்னேன். சொல்லும்போது திரையைப் பார்த்துச் சொன்னேன். அவர் ஃப்ளாப்பியைக் காட்டி, இதைப் போட்டால் விவரங்கள் திரும்ப வராதே என்று மட்டும் கேட்டார். வராது என்றேன். அப்படியானால் முதலில் அதை வெளியே எடுங்கள் என்றார். எடுத்தேன்.

மேனேஜர் வாசலில் லாரிகளுக்கு நடுவில் நின்றிருந்தார். ஒரு விவசாயி அவரிடம் தன் பழத்தை அமுக்கிக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என் அறையிலிருந்து அங்கே போக ஐம்பது அடி இருக்கும். நடந்ததே தெரியவில்லை. வெயிலில் எல்லாம் அசைவது போல இருந்தது. அவர் பேசி முடிக்கும்வரை நின்றேன்.

“சார், கரண்ட்டால இல்லைங்க. நேத்து நான் டிஸ்க்குல இருந்து சிலதை எடுத்தேன். அதுலதான் நின்னுருக்குது. விவரம் எல்லாம் அப்படியே இருக்குது. அழிக்க வேணாம்.”

கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அது அப்புறம் வந்தது, இரண்டு நாள் கழித்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு. அதில் பொய்யைப் பற்றி மட்டும்தான் பேசினார், பேக்கேஜ் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கு அவர் கேட்டது வேறு.

“எவ்வளவு நேரம் வேணும்?”

எடுத்ததைத் திருப்பிப் போட லினக்ஸ் சிடி வேண்டும். அது ஓசூரில் இருந்தது. என்னோடு முன்பு வேலை பார்த்த நண்பர் ஒருவர், கன்னடக்காரர், தன் தொழிற்சாலையில் போட்டுப் பார்க்கிறேன் என்று வாங்கிப் போயிருந்தார். பஸ்ஸில் கொடுத்து அனுப்பச் சொல்கிறேன் என்றேன். கன்டெய்னர் கதவை நாலரைக்கு மூட வேண்டும், மூன்றரை வரை பார்க்கிறேன், அதற்கு மேல் அழித்துவிடுங்கள் என்றார் மேனேஜர். காய்ச்சுவதை நிறுத்தவில்லை. நம்பர் இல்லாத பெட்டிகளைச் சாக்பீஸில் குறி போட்டு வராந்தாவில் அடுக்கச் சொன்னார்.

நண்பர் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் வெளியே வர முடிந்தது. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டரிடம் சிடியைக் கொடுத்துவிட்டு, பஸ்ஸின் நம்பரைப் போனில் சொன்னார். அதற்குள் நான் உட்கார்ந்து, என்ன எடுத்தேன் என்று நினைவுபடுத்த முயன்றேன். பத்துப் பெயர்களுக்கு மேல் வரவில்லை. தூக்கக் கலக்கத்தில் செய்தது எப்படி வரும்? கடைசியில்தான் ஞாபகம் வந்தது, நாம் தட்டும் கட்டளைகளை மெஷினே ஒரு கோப்பில் எழுதி வைக்கும் என்று. முந்தின நாள் ஒழுங்காக வெளியேறியிருந்ததால் அது அப்படியே இருந்தது. நான் எழுதி வைக்காததை அது எழுதி வைத்திருந்தது. முப்பத்தோரு பெயர்கள், வரிசையாக. அவற்றைத் தாளில் எழுதி லேப் அம்மாவிடம் கொடுத்தேன்.

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் ஒன்றரைக்குப் போய் நின்றேன். பஸ் இரண்டு மணிக்கு வந்திருக்க வேண்டும். சூளகிரிப் பக்கம் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிரில் கூடைக்காரப் பெண் ஒருவர் பழங்களைத் துடைத்துத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். சென்னை, பெங்களூர், சேலம் என்று கண்டக்டர்கள் கூப்பிடும் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து மங்கின. எப்போது கண் மூடியது என்று தெரியவில்லை. ஒரு பெரிய கிடங்கில் நடந்துகொண்டிருந்தேன். அலமாரிகளில் எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு தட்டிலும் யாரோ கை வைத்து, இல்லாத ஒன்றைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். விட்டுவிடாதீர்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை.

பிரேக் சத்தத்தில் விழித்தேன். இரண்டேமுக்கால். கண்டக்டர் கன்னடப் பேப்பரில் சுற்றிய பொட்டலத்தோடு படியில் நின்றிருந்தார்.

“ஓசூர்ல ஒருத்தர் குடுத்தாருங்க. மடக்கக் கூடாதுன்னு சொன்னாரு. வர்ற வரைக்கும் மடியிலயே வெச்சுக்கிட்டு வந்தேன்.”

அவருக்கு நன்றி சொன்னேனா என்று இன்றும் நினைவில்லை. ஆலை வண்டியில் திரும்பும்போது பொட்டலத்தை நானும் மடியில்தான் வைத்திருந்தேன்.

மூன்றே கால் மணிக்கு சிடியைப் போட்டேன். முப்பத்தொன்றையும் மொத்தமாகத் திருப்பிப் போட்டுவிடலாம் என்று என் கை பரபரத்தது. லேப் அம்மா தாளோடு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் எடுத்ததை முதலில் போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் புரோகிராமை ஓட்டிப் பாருங்கள் என்றார். நேரமில்லை என்றேன். மொத்தமாகப் போட்டு ஓடவில்லை என்றால் அப்புறம் எங்கே தேடுவது என்று கேட்டார். கடைசிப் பெயரைப் படிக்கச் சொன்னேன்.

கடைசிப் பெயர், அந்தச் சின்னப் பேக்கேஜ். போட்டேன். புரோகிராமை ஓட்டினேன். ஓடவில்லை. ஆனால் செய்தி மாறியிருந்தது. காலையிலிருந்து கோப்பே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த மெஷின், இப்போது ஒரு லைப்ரரியின் பெயரைச் சொல்லி, அதைக் காணோம் என்றது. நான் சோர்ந்து பின்னால் சாய்ந்தேன். மேனேஜர் கதவருகில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“சார், பேச்சு மாறியிருக்குது பாருங்க” என்றார் லேப் அம்மா. “காலையில ஒண்ணுமே சொல்லலை. இப்ப என்ன வேணும்னு சொல்லுது.”

தாளில் மேலே இருந்த அடுத்த பெயரைப் படித்தார். அதுதான் அந்த லைப்ரரி. போட்டேன். ஓட்டினேன். திரை ஒரு கணம் கறுத்து, லேபிள் புரோகிராமின் முகப்பு வந்தது. நேற்றைய கடைசி லாட் நம்பர் அதில் இருந்தது. பிரிண்டர் தலையை ஒரு முறை இங்கும் அங்கும் நகர்த்திப் பார்த்துவிட்டு அச்சடிக்க ஆரம்பித்தது. மேனேஜர் போய் வராந்தாவில் ஆட்களைக் கூப்பிடுவது கேட்டது. லேப் அம்மா தன் இரண்டு டின்களிலும் நம்பரை எழுதி, ஊதிக் காய வைத்து, எடுத்துக்கொண்டு போனார். கன்டெய்னர் ஐந்து மணிக்குக் கிளம்பியது. மற்ற இருபத்தொன்பதை நான் திருப்பிப் போடவே இல்லை. அவை உண்மையிலேயே யாருக்கும் வேண்டாதவை.

நான் நீக்குவதை நிறுத்திவிடவில்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ மெஷின்களில் எத்தனையோ எடுத்தேன். எடுக்கும் முன் பெயரை எழுதினேன். எடுத்த பிறகு எல்லாவற்றையும் நானே நிறுத்தி, நானே மறுபடி ஓட்டிப் பார்த்தேன், கரண்ட் போகும்வரை காத்திருக்காமல். இவ்வளவையும் நீங்கள் ஒரு நாளில் கற்றுக்கொள்வீர்கள். எனக்கு நாள் பிடித்தது வேறொன்றில். என்ன மாற்றினாய் என்று கேட்டதும், ஒன்றுமில்லை என்று வாய் தானாகச் சொல்லும். அதை அடக்குவதுதான் கஷ்டம்.

மறுநாள் காலை சொன்னபடி பெங்களூர் இன்ஜினியர் வந்தார். சின்ன வயசு, தோளில் பை. நான் அவருக்கும் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவையைவிட மூன்றாவது தடவை சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. பழைய லைப்ரரி என்றதும் அவர் தலை குனிந்து, அது தங்கள் தவறும்தான், சொல்லியிருக்க வேண்டும் என்றார். பிறகு, நேற்று திரையில் வந்த செய்தியை அப்படியே சொல்லச் சொன்னார். கோப்பு இருக்கிறது, ஆனால் இல்லை என்கிறது என்றேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

அவர் முகம் மாறியது. போன் எங்கே என்று கேட்டார். ஆந்திர எல்லைப் பக்கம் இன்னொரு கூழ் ஆலைக்கும் இதே மெஷின், இதே புரோகிராம் கொடுத்திருந்தார்களாம். இரண்டு நாளைக்கு முன் அங்கிருந்தும் போன் வந்ததாம். கோப்பைக் காணோம் என்கிறது, கரண்ட் போனதில் கெட்டுவிட்டது என்றார்களாம். அவர்களுக்கும் அதே வழியைத்தான் சொல்லியிருந்தார்.

தெலுங்கில் பேசினார். கொஞ்சம்தான் பேசினார். அப்புறம் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லேப் அம்மா வேலையை நிறுத்திவிட்டு அவர் பேச்சைக் கவனித்துக்கொண்டிருந்தார். இன்ஜினியர் போனை வைத்துவிட்டு எங்களைப் பார்க்காமல், “ஆகோய்த்து” என்றார். கன்னடத்தில், ஆகிவிட்டது என்று அர்த்தம். அங்கே டிஸ்க்கை ஏற்கெனவே அழித்துவிட்டார்கள்.

அந்த ஆலையில் என் வேலை பார்த்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. அவரும் முந்தின நாள் டிஸ்க்கைக் காலி பண்ணிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார். காலையில் அவர் மேனேஜரும் என்ன ஆச்சு என்று கேட்டிருப்பார். அவர் அறைக்கு யாரும் இரண்டு டின்னோடு வரவில்லை, அவ்வளவுதான். இன்ஜினியர் போன் மேல் வைத்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை.